டீச்சர் கொடுத்த சுருதிப் பெட்டி

என் பிரியமுள்ள சிநேகிதிக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. கோபித்துக்கொள்ளாதே. நம் பாட்டு டீச்சர் கொடுத்த சுருதிப் பெட்டி, பாடும்போது தம்புரா மாதிரி ஸாவை ஒலித்துக்கொண்டே இருக்குமே அது, கெட்டுப்போயிருந்தது. அது ஒரு வழிக்கு வராமல் உனக்கு எழுத மனம் வரவில்லை. முந்தாநாள்தான் வீட்டுக்கு வந்தது. முதல் வேலையாக இதை எழுதுகிறேன்.

இங்கே எல்லோரும் சௌக்கியம். கொல்லைப்புறத்து ஓட்டைப் பிரித்துவிட்டுத் தளம் போட்டோம், தூசி இன்னும் அடங்கவில்லை. உன் முட்டி வலிக்கு ஊசி போட்டுக்கொள்வதற்கு முன்னால் இன்னொரு டாக்டரிடமும் கேட்டுவிடு.

சரி, பெட்டிக்கு வருகிறேன். உனக்கு ஞாபகம் இருக்கும். தம்புரா இல்லாமல் வாயைத் திறக்கவிடாத டீச்சர், வலது கையில் வலி வந்த பிறகுதான் அந்தப் பெட்டியை வாங்கினார். பெங்களூரில் ராஜ் நாராயண் என்ற இன்ஜினியர் 1979இல் எலக்ட்ரானிக் தம்புராவைச் செய்து காட்டிய பிறகு பல பேர் இந்த மாதிரிப் பெட்டிகளைச் செய்ய ஆரம்பித்திருந்தார்கள், அதில் ஒன்று நம் டீச்சர் வீட்டுக்கும் வந்தது. 1991இல் எனக்குக் கல்யாணம் ஆனபோது, வகுப்பில் நம் முன்னால் இருந்த அதே பெட்டியைத் துணியில் சுற்றிக் கொடுத்துவிட்டார். "புக்ககத்துக்குத் தம்புராவைத் தூக்கிக்கொண்டா போவாய்? இதை வைத்துக்கொள், பாட்டை விட்டுவிடாதே" என்றார். அப்புறம் அவர் வேறு பெட்டி வாங்கவே இல்லை.

ஆடி மாதத்திலிருந்து அதில் ஒரு இரைச்சல். வால்யூமைத் திருப்பினால் கரகரவென்று வேறு வந்தது. காலையில் உட்கார்ந்து ஸா பிடித்தால் குரல் நிற்கவில்லை, நடுங்கியது. வயசாகிவிட்டது, தொண்டை போய்விட்டது என்றே நினைத்துவிட்டேன். ஒரு வாரம் பாடவே இல்லை.

பிறகு ஒரு நாள் கண்ணை மூடிக்கொண்டு பெட்டியை மட்டும் கேட்டேன். நடுக்கம் அதற்குள்ளேயே இருந்தது! முப்பது வருஷம் ப்ளஸ் டூவுக்கு இயற்பியல் எடுத்தவள், அப்போதுதான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். என் 5 கட்டைக்கு, அதாவது நான் பாடுகிற சுருதி அளவுக்கு, ஸா 196 ஹெர்ட்ஸ். நம் வீட்டுக் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். பவர் சப்ளை சரியாக வடிகட்டாவிட்டால் 100இல் இரைச்சல் வரும், அதன் மடங்காக 200இலும் வரும். 196ம் 200ம் ஒன்றாக ஒலித்தால் நொடிக்கு நான்கு முறை சத்தம் ஏறி இறங்கும். பாடப்புத்தகத்தில் அதற்கு விம்மல் என்று பெயர். எத்தனை வருஷம் போர்டில் எழுதிய சொல்! நம் பெட்டி விம்மிக்கொண்டிருந்தது என்று தெரிந்ததும் எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. உன் ஐந்தரைக் கட்டைக்கு வைத்தால் விம்மல் இன்னும் வேகம், நொடிக்கு ஏழெட்டு.

செய்த கம்பெனிக்குப் போன் பண்ணினேன். அந்த மாடலை நிறுத்தி ரொம்ப காலம் ஆகிவிட்டதாம், புதிது வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள். மகள் போனில் தம்புரா ஆப் போட்டுக் கொடுத்தாள். உள்ளதைச் சொல்ல வேண்டும், சுருதி சுத்தமாகத்தான் இருக்கிறது. பத்து நாள் அதை வைத்துப் பாடினேன். ஆனால் பாடி முடித்து அணைக்கும்போது டீச்சருக்கு நமஸ்காரம் பண்ணுகிற பழக்கம் எனக்கு. போனைப் பார்த்து அது வரவில்லை.

கடைசியில் பஸ் ஸ்டாண்டு பின்னால் ஒரு பழைய ரேடியோ மெக்கானிக்கைப் பிடித்தேன். மூடியைக் கழற்றியதுமே காட்டினார். விரல் நுனி அளவு ஒரு கண்டன்சர், தலை உப்பி, அடியில் பழுப்பாகக் கசிந்திருந்தது. "ஃபில்டர் போயிடுச்சும்மா, இத்தனை வருஷம் நின்னதே பெரிசு" என்றார். அதை மாற்றினார். வால்யூம் கண்ட்ரோலுக்குள் ஸ்ப்ரே அடித்துத் துடைத்தார். இரைச்சல் நின்றுவிட்டது.

அப்புறம்தான் சங்கடம். முகப்பில் கட்டை மாற்றுகிற திருகு இருக்கிறதே, அதைச் சுற்றி டீச்சர் கோணூசியால் இரண்டு கோடு கீறிக் குங்குமம் தேய்த்து வைத்திருந்தாரே, எனக்கு ஐந்தில், உனக்கு ஐந்தரையில்? மெக்கானிக் அதை அழுக்கு என்று நினைத்துப் பெட்ரோல் நனைத்த துணியை எடுத்துவிட்டார். நான் போட்ட சத்தத்தில் பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். மெக்கானிக் ஒன்றும் கேட்கவில்லை, துணியைக் கீழே வைத்துவிட்டார்.

இன்னொரு யோசனையும் சொன்னார். உள்ளே இருக்கிற போர்டு பழசு, சூடு ஏற ஏறச் சுருதி கொஞ்சம் நகரும். அதை எடுத்துவிட்டுப் புது டிஜிட்டல் போர்டு வைத்தால் நகராது, வெளியே பெட்டி இதே பெட்டி. ஒரு ராத்திரி முழுக்க யோசித்தேன். டீச்சராக இருந்தால் சுருதி சுத்தம்தான் முக்கியம் என்றிருப்பார், அது எனக்குத் தெரியும். ஆனாலும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நாம் சரளி வரிசை பாடியது இந்தக் குரலுக்கு எதிரில்தானே? அது இருக்கிறவரை இருக்கட்டும். அதே மாடலில் ஓடாத பெட்டி எங்கேயாவது கிடைத்தால் வாங்கி வைக்கச் சொன்னார், உதிரி பாகத்துக்கு ஆகுமாம். உன் பக்கம் யாரிடமாவது பரணில் கிடக்கிறதா என்று கேட்டுப் பார்.

இப்போது காலையில் டிகாஷன் இறக்கும்போதே ஸ்விட்சைப் போட்டுவிடுகிறேன். பத்து நிமிஷத்தில் நிலைக்கு வந்துவிடுகிறது, பிறகு திருகைத் தொட வேண்டியதில்லை.

நேற்று உன் கோட்டுக்குத் திருப்பி வைத்துப் பாடிப் பார்த்தேன். மேல் ஸ்தாயிக்கு என் குரல் எட்டவில்லை. அது உன் இடம். மார்கழியில் கட்டாயம் வா, நாலு நாள் தங்குகிற மாதிரி டிக்கெட் போடு.

இப்படிக்கு,
உன் ஐந்து கட்டை