ஏறாத ராத்திரிகள்

அன்புள்ள தம்பிக்கு,

போன வாரம் நீ ஃபோனில் கேட்டதற்கு நான் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. "ஆமையைப் பத்தி எல்லாம் படிச்சிட்டேன்க்கா. இந்தப் பசங்கள எப்படிச் சமாளிக்கிறது, அத மட்டும் சொல்லுங்க" என்றாய். பஸ் இரைச்சலில் "போகப் போகத் தெரியும்" என்று சொல்லி வைத்துவிட்டேன். அடுத்த மாதம் திருச்சியில் வேலையில் சேர்கிறேன். ராத்திரி கரையில் நடந்து ஆமைக் கூடு தேடி, முட்டைகளைப் பத்திரப்படுத்தும் நம் வேலை இந்த சீசன் முதல் உன் பொறுப்பு. அதனால் இப்போது உட்கார்ந்து எழுதுகிறேன். பிள்ளைகளும் படிக்கட்டும் என்றுதான் எல்லோரும் பார்க்கிற இடத்தில் எழுதுவது. பெயர் போடவில்லை. யார் யார் என்று முதல் நடையிலேயே உனக்குத் தெரிந்துவிடும்.

ஜனவரியிலிருந்து மார்ச் வரை பங்குனி ஆமை முட்டையிட வரும், ஒரு கூட்டில் நூற்றுச் சொச்சம் முட்டை, 45 நாளுக்கு மேல் ஆனதும் குஞ்சு வெளியே வரும் என்பதெல்லாம் நீ படித்திருப்பாய். பெரும்பாலான ராத்திரிகளில் ஒன்றுமே நடக்காது என்பதைப் படித்திருக்க மாட்டாய். 11 மணிக்குக் கிளம்பி, முகத்துவாரம் வரை நடந்து, திரும்பி வரும்போது மூன்றாகிவிடும். நண்டு வளை, நாய், பனி, ஈரமான செருப்பு. அவ்வளவுதான். இரண்டு வருஷம் முன்னால் வெளியூரிலிருந்து ஆர்வமாக ஒரு கூட்டம் வந்தது. நல்ல கேமரா, நல்ல ஷூ. இரண்டு ராத்திரி ஒரு ஆமையும் கரையேறவில்லை. மூன்றாம் நாள் அவர்களைக் காணோம். நம் பிள்ளைகள் வந்து நின்றார்கள். ஆறு பேர், எல்லோரும் ஒன்பதிலிருந்து பதினொன்று படிக்கிறவர்கள். அவர்கள்மேல் எனக்கு மரியாதை வந்தது அன்றைக்குத்தான்.

தொந்தரவு இல்லை என்று சொல்ல மாட்டேன். சாப்பிட்டுவிட்டு வந்தோம் என்று பொய் சொல்வார்கள். நடுராத்திரியில் பன் இருக்கிறதா என்று உன் பையை நோண்டுவார்கள். இரண்டு பேருக்குள் சண்டை வந்தால் இரண்டு கிலோமீட்டருக்கு ஒருத்தர் முன்னாலும் ஒருத்தர் பின்னாலும் நடப்பார்கள். தலையிடாதே, பன் வெளியே வந்தால் சமாதானமாகிவிடும். பொதுத்தேர்வு இதே சீசனில்தான் வந்து நிற்கும். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சனி ராத்திரி மட்டும்தான் நடை என்று வீடுகளில் சொல்லி வைத்திருக்கிறேன், அதை மீறிவிடாதே. போன வருஷம் ஒருத்தி நடந்துகொண்டே அறிவியலில் ஒரு வரிக் கேள்விகளைக் கேட்டுக்கொண்டு வர, மற்றவர்கள் அலைச் சத்தத்துக்கு மேலே கத்திப் பதில் சொன்னார்கள். எனக்கு ஒன்றுக்கும் பதில் தெரியவில்லை. அதில் அவர்களுக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

கையைப் பார். பள்ளிக்கூடத்தில் பெஞ்சை உடைக்கிற கைகள்தான். கூடு கிடைத்துவிட்டால் அந்தக் கைகளை நீ பார்க்க வேண்டும். முட்டை இட்ட சில மணி நேரத்துக்குள் எடுத்துவிட வேண்டும், புரட்டக் கூடாது, புரண்டால் உள்ளே இருக்கும் கரு செத்துப்போகும் என்று நான் ஒரே ஒருமுறைதான் சொன்னேன். அதற்கப்புறம் அவர்கள்தான் எனக்குச் சொல்கிறார்கள். எடுத்த முட்டைகளைப் புதைத்து வைக்கும் பொரிப்பகத்தில் ஒன்றரை அடி ஆழத்துக்குப் பானை மாதிரி குழி தோண்டுவதில் ஒன்பதாம் வகுப்புக்காரன் ஒருவனை மிஞ்ச ஆள் இல்லை. தோள் வரை மண்ணுக்குள் விட்டு, கண்ணை மூடிக்கொண்டு, அடியைக் கையாலேயே அகலப்படுத்துவான். இதையெல்லாம் நாம் செய்வது வனத்துறை அனுமதியோடுதான். 1972-ஆம் வருஷ வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில், அதிகப் பாதுகாப்பு உள்ள முதல் அட்டவணையில் இந்த ஆமை இருக்கிறது. அனுமதிக் கடிதத்தின் நகல் எப்போதும் பையில் இருக்கட்டும்.

அதே பையன்தான் ஒருநாள், "ஆயிரத்துல ஒண்ணுதான் பொழைக்கும்னு சொல்றீங்களே, இந்தக் கூட்டுல 112 முட்டை. அப்ப ஒரு ஆமைக்கு ஒம்போது கூடு வேணும்ல" என்றான். ஆமாம் என்றேன். அது வளர்ந்து முட்டையிட வர எத்தனை வருஷம் ஆகும் என்று கேட்டான். பத்துப் பதினைந்து வருஷம் ஆகலாம் என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "எனக்கு அப்ப முப்பது வயசுக்கா. கல்யாணம் ஆயிருக்கும். ராத்திரில வெளிய விடுவாங்களா?" என்றான். இதற்கு என்ன பதில் சொல்வாய்? நான் சொல்லவில்லை.

பதில் இல்லாத இன்னொரு கேள்வியும் உண்டு, அதையும் உன்னிடம் கேட்பார்கள். 2025 ஜனவரியில் சென்னைப் பக்கம் செத்த ஆமைகள் நூற்றுக்கணக்கில் ஒதுங்கின. நம் கரையிலும் சிலது. ஆமைக்கும் நம்மைப்போல நுரையீரல்தான், வலையில் மாட்டி மேலே வர முடியாவிட்டால் மூச்சு முட்டிச் சாகும் என்று விளக்கிக்கொண்டிருந்தேன். இழுவலை, விசைப்படகு, சீசனில் கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் இழுவலை போடக் கூடாது என்ற விதி எல்லாம் சொன்னேன். படிக்கிற பிள்ளைகளுக்குச் சொல்கிற மாதிரி அழகாகச் சொன்னேன். பின்னால் இருந்து ஒருத்தி, "எங்கப்பா வலையிலயும் மாட்டும். அறுத்து விட்டுருவாரு. அறுத்த வலைக்கு யாருக்கா காசு தருவா?" என்றாள்.

அவள் கோபப்படவில்லை. தெரிந்துகொள்ளக் கேட்டாள். அவள் அப்பாவிடம் இருப்பது ஒரு ஃபைபர் படகு, அதுவும் கடனில். நான் முழித்தேன். தெரியாது என்று ஒப்புக்கொண்டேன். அப்படிச் சொன்னதால் அவர்களிடம் என் மதிப்பு குறையவில்லை, கூடியது என்று நினைக்கிறேன். வாத்தியார் மாதிரி நடித்தால் இந்த வயசுப் பிள்ளைகளுக்கு உடனே தெரிந்துவிடும்.

அப்புறம் அவர்களே தேடினார்கள். மகாராஷ்டிராவில் ஆமை மாதிரியான உயிர்களை விடுவிக்க வலையை அறுத்தால் 25,000 ரூபாய் வரை நஷ்டஈடு கொடுக்கும் திட்டம் 2018-லிருந்து இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். எனக்கு அதுவரை தெரியாது. இங்கேயும் வேண்டும் என்று இரண்டு பக்கத்துக்கு மனு எழுதி, ஜனவரி 26 கிராம சபையில் அந்தப் பெண்ணே எழுந்து வாசித்தாள். குரல் நடுங்கியது, ஆனால் ஒரு வரி விடவில்லை. அவள் அப்பா கடைசியில் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மனு என்ன ஆயிற்று என்று கேட்காதே. நகல் பிள்ளைகளிடம் இருக்கிறது, இந்த வருஷமும் கொடுப்பார்கள். நீ செய்ய வேண்டியது டைப் அடித்துத் தருவது மட்டும். ஒற்றுப்பிழை தவிர எதையும் திருத்தாதே.

சமாளிப்பதைப் பற்றிக் கேட்டாய். காற்றைப் பார்த்து இன்றைக்கு ஏறும், ஏறாது என்று ஒருவன் சொல்வான். பாதி நாள்தான் பலிக்கும். ஆனாலும் கேள். தடத்தை உனக்கு முன்னால் அவர்கள் பார்ப்பார்கள், பார்த்த மாதிரி நடிக்காதே. ஆமை மிரளாமலிருக்க உன் டார்ச்சில் சிவப்புத் தாள் ஒட்டியிருக்கிறதா என்று சோதிப்பார்கள், கோபப்படாதே. எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்.

நடை நோட்டு பதினொன்றாம் வகுப்புக்காரி ஒருத்தியிடம் இருக்கிறது. தேதி, நேரம், காற்று, ஏறியதா இல்லையா என்று எழுதுவாள். கேட்டால் காட்டுவாள், எழுதும் வேலையை மட்டும் அவளிடமிருந்து வாங்கிவிடாதே. போன சீசனில் பக்கத்துக்குப் பக்கம் "ஏறவில்லை" என்றுதான் இருக்கும். பிப்ரவரியில் எனக்குக் காய்ச்சல் வந்து நான்கு நாள் படுத்துவிட்டேன். நடை இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஊருக்குக் கிளம்புகிறேனே என்று போன மாதம்தான் நோட்டை வாங்கிப் புரட்டினேன். அந்த நான்கு தேதிகளும் இருந்தன. "அக்கா வரவில்லை. என் அம்மா துணைக்கு வந்தார். ஆறு பேர் போனோம். ஏறவில்லை."

அன்புடன்,
அக்கா