வெள்ளைக் கல் வேண்டாம், வசு

அன்புள்ள வசு,

கடிதமும் சமையலறைப் படங்களும் வந்தன. அண்ணாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் வந்துவிட்டது என்று எழுதியிருந்தாயே, அதைப் படித்த பிறகுதான் மற்றதில் மனசு போனது. இங்கே எல்லோரும் நலம். எனக்கு முழங்கால் வலி போவதும் வருவதுமாக இருக்கிறது. மொட்டை மாடியில் வடகம் போடுவதை மகளிடம் விட்டுவிட்டேன்.

சரி, சமையல் மேடை விஷயம். மருமகள் வெள்ளை குவார்ட்ஸ் கேட்கிறாள், கொத்தனார் பழையபடி கடப்பாக் கல்லே போதும் என்கிறார், நீ நடுவில் முழிக்கிறாய். என்னைக் கேட்டால் இரண்டும் வேண்டாம், கறுப்பு கிரானைட் போடு.

குவார்ட்ஸ் அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அது மலையில் அறுத்து எடுத்த கல் இல்லை. குவார்ட்ஸ் என்ற கனிமத்தின் தூளில் பிசின் கலந்து அழுத்திச் செய்த பலகை. தூள் சூடு தாங்கும், பிசின் தாங்காது. 150 டிகிரியைத் தாண்டினால் கறை விழலாம், கீறலும் விடலாம். நாம் வடை சுடும் எண்ணெய் அதைவிடச் சூடு. அடியில் மணை வைத்துத்தான் இறக்குவேன் என்று மருமகள் சொல்வாள். தீபாவளிக்கு முந்தின நாள் ராத்திரி மணையை யார் தேடுவது? தவிர, உன் அடுப்படி ஜன்னலில் காலை வெயில் நேராக விழுகிறது. வெயில் பட்டுப் பட்டு வெள்ளைக் குவார்ட்ஸ் பழுப்பேறும்.

மெல்போர்னில் இருக்கும் தம்பி மகன் இன்னொன்றும் சொன்னான். ஆஸ்திரேலியாவில் 2024 ஜூலை 1 முதல் இந்தக் கல்லுக்கே தடையாம். சமைக்கிற நமக்கு ஒன்றும் இல்லை. அறுக்கிற ஆட்களுக்குத்தான் அந்தச் சிலிகாத் தூள் நுரையீரலில் படிந்து சிலிகோசிஸ் என்ற நோய் வருகிறது. கிரானைட்டிலும் சிலிகா உண்டு, ஆனால் குவார்ட்ஸில் இருப்பதைவிட வெகு குறைவு. எதிர்வீட்டில் மேடை போட்டபோது, முகத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு ஒரு பையன் ஹாலில் உட்கார்ந்து தண்ணீரே விடாமல் அறுத்துக்கொண்டிருந்தான். கண்ணிமை மயிரெல்லாம் மாவு பூத்தது போல் வெள்ளை. நீ எந்தக் கல் எடுத்தாலும் சிங்க், அடுப்பு ஓட்டைகளைக் கடையிலேயே தண்ணீர் விட்டு அறுத்துத் தரச் சொல். கூலி கொஞ்சம் கூடினாலும் கொடுத்துவிடு.

கடப்பா சுண்ணாம்புக் கல். புளி, எலுமிச்சை, தயிர் எது பட்டாலும் பளபளப்பு போய்த் திட்டுத் திட்டாக வெளுக்கும். மார்பிளுக்கும் அதே கதிதான். அதற்காக இப்போதிருக்கும் கடப்பாவைத் தூக்கிப் போட்டுவிடாதே. மேடைக்கு அடியில் தட்டு போடவும், மளிகை அலமாரிக்கும் அதுபோல் உழைக்கிற கல் கிடையாது.

கிரானைட்டில் கறுப்பு என்றால் விழுப்புரம் மாவட்டத்துக் குன்னம் கல் நன்றாக இருக்கும். ஆந்திராவில் ஓங்கோல் பக்கம் சீமகுர்த்தியில் எடுக்கிற கேலக்ஸி, கறுப்பில் பொன் பொடி தூவின மாதிரி இருக்கும், விலையும் கூடுதல். மருமகளுக்கு அதைக் காட்டிப் பார், குவார்ட்ஸை மறந்தாலும் மறப்பாள். மதுரைப் பக்கம் கிடைக்கும் காஷ்மீர் ஒயிட் போன்ற வெளிர் கிரானைட் மட்டும் வேண்டாம். அது தண்ணீரைக் குடிக்கும், எண்ணெயைக் குடிக்கும், மஞ்சள் பட்டால் சொல்லவே வேண்டாம்.

கடைக்குப் போகும்போது பையில் பாதி எலுமிச்சையும், பஞ்சும், நெயில் பாலிஷ் ரிமூவரும் எடுத்துக்கொள். சிரிக்காதே. கறுப்பு குறைவான கல்லுக்குச் சாயம் ஏற்றி விற்பவர்கள் இருக்கிறார்கள். நாங்கள் பார்த்த ஒரு கடையில் ஆள் பாட்டில் தண்ணீரைப் பலகைமேல் வீசி, ‘பாருங்கம்மா, கண்ணாடி மாதிரி’ என்றார். நான் ஓரத்தில் ரிமூவர் நனைத்த பஞ்சால் தேய்த்தேன், கண்மை துடைத்த மாதிரி பஞ்சு கறுத்துவிட்டது. அவர் பேசாமல் அடுத்த பலகைக்கு நகர்ந்துவிட்டார். பஞ்சு வெள்ளையாகவே இருந்தால், எலுமிச்சையைக் கால் மணி நேரம் கல்மேல் கவிழ்த்து வை. துடைத்த பிறகு தடம் தெரியக் கூடாது. பின்பக்கத்தையும் தடவிப் பார், விரிசலை மறைக்க வலை ஒட்டியிருப்பார்கள்.

நீளப் பலகை வேண்டும் என்று சொல், அடுப்புக்கும் சிங்குக்கும் நடுவில் ஜாயின்ட் வராமல் பார்த்துக்கொள். முன் ஓரத்துக்கு அடியில் ஒரு காடி, அதாவது நீளமாக ஒரு சின்னப் பள்ளம், போடச் சொல். அது இல்லாவிட்டால் மேடையில் வழிகிற தண்ணீர் கல்லின் அடிப்பக்கமே ஊர்ந்து போய் அலமாரிக் கதவை ஊறவைத்துவிடும். உயரம்தான் முக்கியம். கொத்தனார் கையில் 32 அங்குலம் தயாராக இருக்கும். நீயும் மருமகளும் ஒரே உயரம் இல்லை. இருவரும் நின்று முழங்கையை மடக்கி, அதிலிருந்து ஐந்து அங்குலம் கீழே ஒரு கோடு போடுங்கள். அதிகமாகச் சமைப்பது யாரோ அவர் கோட்டுக்கு மேடை வரட்டும். அது யார் என்ற சண்டையில் நான் தலையிட மாட்டேன்.

பால் காய்ச்சும் நாளை முன்கூட்டியே எழுது, ரயில் டிக்கெட் எடுக்க வேண்டும். கீழ் பெர்த் கிடைப்பதுதான் இப்போது பெரும்பாடு.

அன்புடன்,
உன் மீனா