பொழுதுபோகுமுன்னே

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

ஸ்தோத்திரம். டிசம்பர் 31 இரவு ஆராதனையில், புது வருடத்துக்குக் கர்த்தர் தரும் வாக்காக அட்டையில் பெற்றுக்கொள்ளும் வாக்குத்தத்த வேதவசனங்களில் தங்களுக்குக் கிடைத்ததைச் சென்ற இதழில் வாசகர்கள் பலர் எழுதியிருந்தார்கள். எரேமியா 29:11 மட்டும் நான்கு பேருக்குக் கிடைத்திருக்கிறது. எங்கள் வீட்டு நடுக்கூடத்திலும் அந்த வசனம்தான் சட்டம் போட்டுத் தொங்குகிறது. என் மனைவிக்கு அறுவை சிகிச்சை நடந்த நாளில், "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே" என்ற அந்த வரியைச் சொல்லிச் சொல்லித்தான் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். அதன் அருமை எனக்குத் தெரியும்.

ஆனால் அதே எரேமியாவில் ஏழு அதிகாரம் முன்னால் இருக்கிற ஒரு வசனத்தை எந்த வாக்குத்தத்த அட்டையிலும் நான் இதுவரை பார்த்ததில்லை. அநீதியினாலே தன் வீட்டையும் அநியாயத்தினாலே தன் மேலறைகளையும் கட்டி, அயலானுடைய வேலைக்குக் கூலி கொடாமல் அவனைச் சும்மா வேலை வாங்குகிறவனுக்கு ஐயோ என்கிறது 22:13.

இது யூதாவின் ராஜாவாகிய யோயாக்கீமுக்குச் சொல்லப்பட்டது. எகிப்து ராஜாவுக்குக் கப்பம் கட்ட ஜனங்களிடம் வரி தண்டினவன் அவன். விசாலமான வீடு, காற்றோட்டமான மேலறை, கேதுரு பலகை, சிவந்த வர்ணப் பூச்சு என்று பார்த்துப் பார்த்துக் கட்டினான். கட்டினவர்களுக்கோ கூலி இல்லை. அவனுடைய தகப்பன் யோசியாவை நினைப்பூட்டி எரேமியா பேசுகிறார். உன் தகப்பனும் சாப்பிட்டான், குடித்தான். ஆனாலும் எளியவனுடைய நியாயத்தை விசாரித்தான். அப்படிச் செய்வதல்லவோ "என்னை அறிகிற அறிவு" என்று கர்த்தர் கேட்கிறார். ஐம்பது வருடம் வேதம் வாசித்த எனக்கு இந்த வரி தாமதமாகத்தான் உறைத்தது. கர்த்தரை அறிவது என்றால் உபவாசம், ஜெபம், வேதபாடம் என்றுதான் நினைத்திருந்தேன். கொத்தனாருக்குக் கூலி கொடுப்பதும் அந்தக் கணக்கில் வரும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

உறைத்த கதையையும் எழுதிவிடுகிறேன். 2017-இல் எங்கள் வீட்டு மாடியில் ஓர் அறை எடுத்தோம். சாமான் என்னுடையது, கூலி மட்டும் ஒப்பந்தம். வேலை முடிந்தபோது பதினான்காயிரம் ரூபாய் பாக்கி. தட்டோடு பதித்த இடத்தில் ஒரு மூலையில் ஈரம் கசிந்தது. "ஒழுக்கைச் சரி செய், பிறகு பணம் வாங்கிக்கொள்" என்று கொத்தனாரிடம் சொல்லிவிட்டேன். "செவ்வாய்க்கிழமை வந்து பார்த்துவிடுகிறேன் ஐயா, ஆள் கூலியை மட்டுமாவது கொடுங்கள்" என்றார். நான் அசையவில்லை. பணம் கையில் இல்லாமல் இல்லை. எண்ணி, ஒரு மொய்க் கவரில் போட்டு, பீரோவில் ஞானப்பாட்டுப் புத்தகத்தின் கீழே வைத்திருந்தேன்.

அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் மூன்று சித்தாள்கள் வாசல் கேட்டுக்கு வெளியே வந்து நின்றார்கள். கேட்டைத் திறந்து உள்ளே வரவில்லை. ஒரு பெண்ணின் விரல் நுனிகளில் சைக்கிள் டியூப்பை வெட்டி மாட்டியிருந்தது இன்றும் கண்ணில் நிற்கிறது. செங்கல் தூக்குகிறவர்கள் தோல் உரியாமல் இருக்க அப்படி மாட்டிக்கொள்வார்கள். அதையும் மீறி ஒரு விரலில் சிமெண்ட் அரித்த வெடிப்பு சிவந்து தெரிந்தது. "கொத்தனாரிடம் கேளுங்கள், எனக்கும் அவருக்கும்தான் பேச்சு" என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

மூன்று வாரம் கழித்து, இரவுக் குடும்ப ஜெபத்தில் வேதவாசிப்பு வரிசைப்படி மோசேயின் நியாயப்பிரமாணத்தைச் சொல்லும் உபாகமம் 24-ஆம் அதிகாரம் வந்தது. மனைவி வாசித்தாள். "அவன் வேலைசெய்த நாளில்தானே, பொழுதுபோகுமுன்னே, அவன் கூலியை அவனுக்குக் கொடுத்துவிடவேண்டும்." அவன் ஏழை, அந்தக் கூலியின்மேல் ஆவலாயிருக்கிறான் என்று காரணமும் அடுத்தாற்போல் வருகிறது. வாசித்து முடித்ததும், "அந்தக் கவர் பீரோவில்தானே இருக்கிறது?" என்று கேட்டாள். வேறொன்றும் சொல்லவில்லை. அன்றிரவு என்னால் ஜெபிக்க முடியவில்லை.

மறுநாள் காலையில் கொத்தனார் வீட்டுக்குப் போனேன். ஆட்களுக்கு வாரக் கூலி கொடுப்பதற்காக மனைவியின் கம்மலை அடகு வைத்திருந்தார். பாக்கியையும் வட்டியையும் கொடுத்தேன். வரி வசூலிக்கிற ஆயக்காரனாகிய சகேயு, அநியாயமாய் வாங்கினதை நாலத்தனையாகத் திரும்பச் செலுத்துகிறேன் என்று இயேசுவிடம் சொன்னான். நான் வட்டியோடு நின்றுகொண்டேன். ஒழுக்கை அவர் அந்த வாரமே வந்து சரி செய்தார்.

யாக்கோபு 5:4-இல், வயலை அறுத்தவர்களின் கூலி "அநியாயமாய்ப் பிடிக்கப்பட்டுக் கூக்குரலிடுகிறது" என்று இருக்கிறது. 'பாதியைப் பிடித்து வை, அப்போதுதான் வேலை நடக்கும்' என்று வீடு கட்டும் எல்லாருக்கும் புத்தி சொல்கிறோமே, நம் வாயில் வருகிற அதே சொல் இது. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கூக்குரலிடுவது கூலி. வாசலில் நின்ற அந்த மூன்று பெண்கள் சத்தம் போடவில்லை. என் பீரோவில் இருந்த கவர் போட்டிருக்கிறது. கேட்கவேண்டியவருடைய செவியில் அது பட்டிருக்கிறது.

"சூரியன் அஸ்தமிக்கிறதற்கு முன்னாக உங்கள் எரிச்சல் தணியக்கடவது" என்று பவுலின் எபேசியர் நிருபத்தில் வருவதைக் கல்யாணப் பிரசங்கங்களில் கேட்டுக்கொண்டே இருக்கிறோம். அதே சூரியன்தான் உபாகமத்திலும் கெடுவாக நிற்கிறது. அந்தக் கெடு கூலிக்கு. இயேசு சொன்ன திராட்சத்தோட்ட வேலைக்காரர் உவமையிலும் எஜமான் சாயங்காலத்திலேயே விசாரணைக்காரனைக் கூப்பிட்டுக் கணக்குத் தீர்க்கச் சொல்கிறார். பிந்தினவர் முந்தினவர் என்பதைப் பற்றிப் பிரசங்கிக்கிற நாம் அந்தச் சாயங்காலத்தைத் தாண்டிப் போய்விடுகிறோம். கத்தோலிக்கச் சகோதரர்கள் இதில் நம்மைவிடத் தெளிவாக இருக்கிறார்கள் என்பது என் எண்ணம். 1891-இல் போப் பதின்மூன்றாம் லியோ தொழிலாளர் நிலையைப் பற்றி எழுதிய சுற்றுமடலில் யாக்கோபின் இந்த வசனத்தையே எடுத்துக்காட்டி, கூலியை ஏமாற்றுவது வானத்தை நோக்கிக் கதறுகிற குற்றம் என்று எழுதினார். நம் நாடாளுமன்றம் 2019-இல் நிறைவேற்றிய ஊதியச் சட்டத் தொகுப்பும், நாட்கூலிக்காரருக்கு அன்றைய வேலைநேர முடிவிலேயே ஊதியம் தரவேண்டும் என்கிறது.

வேலையில் குறை இருந்தால் என்ன செய்வது என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். குறையைக் கொத்தனாரை வைத்துக்கொண்டு நேரில் பேசலாம். தெரிந்த இன்னொரு மேஸ்திரியைக் கூப்பிட்டுக் காட்டலாம். ஆனால் கொத்தனாருக்குக் கொடுக்கவேண்டிய பணத்தை நாம் நிறுத்தினால் முதலில் அடுப்பு அணைவது தட்டோடு பதிப்பதில் எந்தத் தப்பும் செய்யாத சித்தாளின் வீட்டில். அவர்கள் நம் சபையாராக இருக்கவேண்டும் என்பதும் இல்லை. உபாகமம் அந்த இடத்தில் உன் சகோதரரிலும், உன் வாசல்களில் இருக்கிற அந்நியரிலும் என்று சேர்த்தே சொல்லுகிறது.

சபைகளும் இதை யோசிக்கவேண்டும். சபையார் கூடிச் சாப்பிடும் அசனப் பண்டிகைக்கு மூட்டை மூட்டையாக அரிசி வருகிறது. அந்த அரிசியை விடிய விடிய வேகவைத்த சமையல் ஆட்களைக் கணக்கு முடியட்டும் என்று பத்து நாள் அலையவிடுகிற கமிட்டிகள் உண்டு. ஆலயத்தைப் பராமரிக்கிற கோயில்குட்டியாரின் சம்பளம் மாதம் பிறந்து எத்தனையாம் தேதி கைக்குப் போகிறது என்று எத்தனை பேர் விசாரித்திருக்கிறோம்?

ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். நம் பக்கத்தில் புதுவீடு கட்டினால் சபைக் குருவாகிய ஐயரவர்களை அழைத்துப் பிரதிஷ்டை செய்கிறோம். வாசலில் எபெனேசர் என்று கல்வெட்டு, "கர்த்தர் வீட்டைக் கட்டாராகில்" என்று சங்கீதம் வாசிப்பு, பிறகு பிரியாணி. ரிப்பன் வெட்டுகிறதற்கு முன், வீட்டுக்காரரைத் தனியே அழைத்து, "கட்டினவர்களுக்குப் பாக்கி ஏதும் உண்டா?" என்று ஐயரவர்கள் ஒரு வார்த்தை கேட்கவேண்டும். உண்டு என்றால், கொடுத்துவிட்டு வரட்டும், நாங்கள் காத்திருக்கிறோம் என்று சொல்லவேண்டும். காணிக்கையைப் பலிபீடத்தின்முன் வைத்துவிட்டுப் போய், உன்பேரில் குறை உள்ள சகோதரனோடே ஒப்புரவாகு என்று ஆண்டவர் மத்தேயு ஐந்தில் சொன்னதும் இதுதானே. தாங்கள் இந்த வேண்டுகோளைக் குருமார்களின் பார்வைக்குப் போகும்படி வெளியிட்டால் நன்றியுள்ளவனாயிருப்பேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியர் ஒருவர்,
பாளையங்கோட்டை.