நூலை இழுக்காமல் பிடிக்கச் சொல்லிக்கொடு

தர்மபுரி

அன்புள்ள கதிருக்கு,

அம்மா எழுதுவது. வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடைக் கைவேலைக்கு ஒதுக்கியிருக்கிறார்கள், மூன்று, நான்கு, ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் இருபது பேரை ஒன்றாக உட்காரவைத்து நூல் வேலையும் துணி வேலையும் சொல்லித்தர வேண்டும், எங்கிருந்து ஆரம்பிப்பது என்று கேட்டிருந்தாய். போனில் சொன்னால் பாதி மறந்துபோகும். அதனால் எழுதியே அனுப்புகிறேன், பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள். நூல் வேலையில் பிள்ளைகள் செய்யும் தப்பில் முக்கால்வாசி ஒரே தப்புதான்: இழுத்துவிடுவார்கள். விரல் பின்னலில் விரல் சிவந்துபோகும். அட்டைத் தறியில் நெசவு நடுவில் உடுக்கை மாதிரி ஒடுங்கும். ஊசியை மேலும் கீழுமாக ஓட்டிப் போகும் ஓட்டுத் தையலில் துணி சுருங்கும். கொக்கி ஊசியால் பின்னும் குரோஷாவில் சங்கிலிக்குள் ஊசி நுழையாது. பார்க்க நான்கும் நான்கு குறை, காரணம் ஒன்றே. பிள்ளைக்குத் தெரிந்த முடிச்சு எல்லாம் இறுக்கினால் நிற்கிற முடிச்சு. ஆட்டுக்கயிறு, அரைஞாண் கயிறு, விறகுக் கட்டு எல்லாம் அப்படித்தான். ஆனால் பின்னலும் நெசவும் நிற்பது இறுக்கத்தால் அல்ல, நூல் ஒன்றுக்குள் ஒன்று மாறி மாறிப் போவதால். இது கைக்குப் புரிந்துவிட்டால் மீதி எல்லாம் பழக்கம்தான். அதனால்தான் ஊசியைக் கையில் கொடுக்காமல் விரலில் ஆரம்பிக்கச் சொல்கிறேன். இழுப்பு அதிகமானால் விரலே வலித்துச் சொல்லிவிடும், நீ சொல்ல வேண்டியதில்லை.

விரல் பின்னலுக்கு உல்லன் நூல் போதும். பருமனானதாக, வெளிர் நிறமாக, மொழுமொழு என்று இருக்க வேண்டும். கறுப்பு, கருநீலம் வேண்டாம், கண்ணி, அதாவது நூல் வளையம் எது, நிழல் எது என்று பிள்ளைக்குத் தெரியாது. ரோமம் ரோமமாக நிற்கிற நூலும் வேண்டாம், தப்பாகப் போட்டால் பிரிக்க வராது. மெலிசான நூல்தான் கிடைத்தால் இரண்டு இழையைச் சேர்த்துப் பிடிக்கச் சொல். இடது உள்ளங்கை தன்னைப் பார்த்திருக்க, நூல் முனையைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிக்கும் நடுவே விட்டு, ஆள்காட்டிக்கு முன்னால், நடுவிரலுக்குப் பின்னால், மோதிரவிரலுக்கு முன்னால், சுண்டுவிரலைச் சுற்றி, அதே மாதிரி மாற்றி மாற்றித் திரும்பி வர வேண்டும். இப்போது ஒவ்வொரு விரலிலும் ஒரு சுற்று இருக்கும். இன்னொரு தடவை அதற்கு மேலாகச் சுற்று. ஒவ்வொரு விரலிலும் இரண்டு சுற்று ஆகிவிட்டதா, அடியில் இருப்பதை எடுத்து மேலே இருப்பதைத் தாண்டி விரலுக்குப் பின்னால் விடு. நான்கு விரலிலும் விட்டால் ஒரு வரிசை. மறுபடி ஒரு சுற்று, மறுபடி தாண்டி விடுவது, அவ்வளவுதான்.

ஏழெட்டு வரிசை வரை ஒன்றுமே உருவாகாத மாதிரி இருக்கும். கையின் முதுகுப் பக்கம் தொங்கும் வாலை இலேசாக இழுத்துவிட்டால் பின்னல் திரண்டு குழலாக நிற்கும். அதைப் பார்க்கும்வரை பிள்ளைகள் பொறுக்க மாட்டார்கள், "சார், வரலை" என்பார்கள். நீயே ஒரு முழ நீளம் முன்கூட்டிப் போட்டு எடுத்துப் போய்க் காட்டு. மணி அடித்துவிட்டால் நான்கு கண்ணியையும் ஒரு பென்சிலுக்கு மாற்றி, பென்சில் இரண்டு முனையிலும் ரப்பர் பேண்டு போட்டு வைத்தால் அடுத்த வாரம் அப்படியே விரலுக்கு ஏற்றலாம். முடிக்கும்போது 15 செ.மீ. விட்டு நூலை வெட்டி, அந்த முனையை நான்கு கண்ணிக்குள்ளும் நுழைத்து இழுக்க வேண்டும். இந்த ஒரு இடத்தில் இழுத்தால் தப்பில்லை.

நுனியில் சுற்றினால் நழுவும், விரல் அடியில் சுற்றினால் இறுகும். நடுக்கணுவில் சுற்றச் சொல். மூன்றாம் வகுப்பில் சின்னக் கை இருந்தால் இரண்டு விரல் போதும்.

நீ சொல்கிற மாதிரி அஞ்செட்டியில் பாதிப் பிள்ளைகள் வீட்டில் கன்னடமும் தெலுங்கும் பேசுகிறார்கள் என்றால் வாயால் விளக்காதே. "முன்னால், பின்னால்" என்று நீ சொல்வதைக் கேட்பதைவிட உன் கையைப் பார்த்தே சீக்கிரம் பிடித்துக்கொள்வார்கள். வலக்கைப் பிள்ளை உன் பக்கத்தில், தோளோடு தோள் உட்காரட்டும். இடக்கைப் பிள்ளை உனக்கு எதிரே உட்காரட்டும், கண்ணாடியில் பார்க்கிற மாதிரி அப்படியே வந்துவிடும். இடக்கைக்காரப் பிள்ளையை வலக்கைக்கு மாற்றவே கூடாது.

அடுத்தது அட்டைத் தறி. கடையில் பிஸ்கட் வருகிற அட்டைப்பெட்டி கேள். 20 செ.மீ. நீளம், 15 செ.மீ. அகலம் வெட்டிக்கொள். அட்டைக்குள் மடிப்பு மடிப்பாக ஓடுகிற வரி இருக்கிறதே, அது நீளவாக்கில் ஓட வேண்டும். குறுக்கே ஓடினால் பாவு, அதாவது நீளவாக்கில் கட்டும் நூல், ஏற்றியதும் அட்டை நடுவில் மடங்கிப்போகும். நிறைய பேர் இதைப் பார்க்காமல் வெட்டிவிட்டு அட்டை சரியில்லை என்பார்கள். மேல், கீழ் இரண்டு ஓரத்திலும் செல்லோ டேப்பை மடித்து ஒட்டிவிட்டு, 1 செ.மீ. இடைவெளியில் 15 வெட்டு, ஒவ்வொன்றும் 1 செ.மீ. ஆழம். டேப் ஒட்டாவிட்டால் வெட்டு பிய்ந்துகொண்டே போகும். வெட்டுவது உன் வேலை. இருபது அட்டையையும் முந்தின நாளே வெட்டி வைத்துவிடு, பீரியடில் வெட்ட ஆரம்பித்தால் நெய்ய நேரம் இருக்காது.

பாவுக்கு உல்லன் நூல் ஆகாது. அது நீளும், நெய்ய நெய்யத் தொய்யும். பார்சல் கட்டும் வெள்ளைப் பருத்திக் கயிறு மெலிசாக ஒன்று கிடைக்கும், அதுதான் சரி. ஒரு அட்டைக்கு மூன்றரை மீட்டர் வேண்டும். முன்பக்கம் மட்டும் மேலும் கீழுமாகப் போகட்டும், வெட்டுக்கு வெட்டு நடுவே இருக்கும் பல்லைச் சுற்றித் திரும்பட்டும். முனை இரண்டையும் பின்பக்கம் டேப்பால் ஒட்டு. பாவைத் தட்டினால் இலேசாகத் துள்ள வேண்டும், அட்டை வளையக் கூடாது. குறுக்கே போகிற ஊடைக்கு உல்லன் நூலும் போடலாம், பழைய நூல் சேலையை 2 செ.மீ. அகலத்தில் கிழித்த கீற்றும் போடலாம். கீற்று சீக்கிரம் நிறையும், பிள்ளைக்கு உற்சாகம் வரும். முதல் தடவைக்குக் கீற்றையே வைத்துக்கொள்.

இங்கேதான் உடுக்கை வரும். ஓரத்தில் திரும்பும்போது பிள்ளை நூலை நேராக, டக்கென்று இழுக்கும். ஓரப் பாவு இரண்டும் உள்ளே சாயும். பத்து வரிசை போன பிறகுதான் கண்ணுக்குத் தெரியும், அதற்குள் 14 செ.மீ. அகலம் 10 ஆகியிருக்கும். தவிர்க்க ஒரே வழி: ஊடையை நேராகப் போடாமல், நடுவில் இரண்டு விரல் உயரத்துக்கு வளைத்து மேலே தூக்கிப் போட்டு, அப்புறம் சீப்பால் கீழே தட்ட வேண்டும். வளைவில் இருக்கிற உபரி நூல்தான் பாவுக்கு மேலும் கீழும் ஏறி இறங்கச் செலவாகிறது. அது இல்லையென்றால் ஓரத்தில் இருந்து திருடிக்கொள்ளும். அதோடு இரண்டு ஓரத்திலும் பாவை ஒட்டி ஒவ்வொரு துடைப்பக்குச்சியைச் செருகி டேப் போட்டுவிடு. ஓரம் திரும்பும் நூல் குச்சியையும் சேர்த்துச் சுற்றும், உள்ளே சாய முடியாது. முடிந்ததும் குச்சியை உருவிக்கொள்ளலாம். அட்டையில் இருந்து கழற்றும்போது நெசவு மேல்வரை நிறைந்திருக்கிறதா பார். நிறைந்திருந்தால் கண்ணிகள் தானாக நிற்கும். காலி இடம் இருந்தால் ஊடை நழுவும், அங்கே கண்ணியை இரண்டிரண்டாக முடிந்துவிடு.

காகிதத் தட்டில் வட்டமாக நெய்யக் கேட்பார்கள். அதற்குப் பாவு எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருக்க வேண்டும், 13 அல்லது 15. இரட்டைப்படை வைத்தால் ஒவ்வொரு சுற்றிலும் அதே பாவுக்கு மேலேயே நூல் வரும், நெசவே ஆகாது.

இந்த இரண்டும் கைக்கு வந்த பிறகு ஊசி. முதல் துணி கோணி. ஓட்டை கண்ணுக்குத் தெரியும், முனை மழுங்கிய பெரிய ஊசியே நுழையும். அடுத்தது காடா, வெளுக்காத முரட்டுப் பருத்தித் துணி. வழுக்குகிற பாலியஸ்டர் பக்கம் போகவே வேண்டாம். ஊசி வாங்கும்போது ஒன்று நினைவில் வை: எண் கூடக் கூட ஊசி மெலிசு. காடாவுக்கு 7-ஆம் நம்பர் எம்பிராய்டரி ஊசி பிள்ளைக் கைக்கு வாட்டமாக இருக்கும்.

நூல் நீளம் அந்தந்தப் பிள்ளையின் ஒரு முழம், அவ்வளவுதான். அடிக்கடி கோர்க்கச் சோம்பல்பட்டு இரண்டு முழம் எடுக்கும், அந்த நூல் முறுக்கிக்கொண்டு சிக்கு விழும். தைக்கத் தைக்க முறுக்கு ஏறத்தான் செய்யும். நாலைந்து தையலுக்கு ஒரு தடவை துணியைத் தூக்கிப் பிடித்து ஊசியைத் தொங்கவிடச் சொல், தானே சுற்றி அவிழும். ஆங்கர் எம்பிராய்டரி நூல் ஒரு கட்டு 8 மீட்டர், ஆறு இழை. 35 செ.மீ. வீதம் வெட்டினால் 22 துண்டு, மூன்று இழையாகப் பிரித்தால் 44. இருபது பேருக்கு நிறத்துக்கு ஒரு கட்டு தாராளம். பிரிக்கும்போது மூன்று இழையையும் சேர்த்துப் பிடித்து இழுக்காதே, முடிச்சாகிவிடும். ஒவ்வொரு இழையாக மேல்நோக்கி உருவி, பிறகு சேர்த்துக்கொள்.

ஓட்டுத் தையலுக்கு ஸ்கேல் வைத்துப் பென்சிலால் அரை செ.மீ.க்கு ஒரு புள்ளி. பிள்ளைகள் எப்போதும் மேலிருந்தே குத்துவார்கள். அடியில் போன ஊசியை ஓரமாகச் சுற்றி மேலே கொண்டுவந்து மறுபடி மேலிருந்து குத்துவார்கள், நூல் துணி விளிம்பைச் சுற்றிவிடும். அடியில் இருந்து மேலே வர வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றாது, ஏனென்றால் அடிப்பக்கம் தெரிவதில்லை. துணியைச் செங்குத்தாகத் தூக்கிப் பிடித்து, நீ ஒரு பக்கம், பிள்ளை ஒரு பக்கம் உட்கார்ந்து ஊசியை மாற்றி மாற்றி வாங்கிக்கொள்ளுங்கள். பத்துத் தையலில் பிடிபட்டுவிடும். துணியை மடியில் வைத்துத் தைக்க விடாதே, பாவாடையோடும் டவுசரோடும் சேர்த்துத் தைத்துவிடும். சுருக்கத்துக்கு மருந்து, ஐந்து தையலுக்கு ஒரு தடவை கட்டைவிரலால் தைத்த வழியே நீவி விடுவது.

பட்டன் தைக்கக் கட்டாயம் சொல்லிக்கொடு, பையன்களுக்கும். நூல் இரட்டை. பட்டனுக்கு மேல் ஒரு தீக்குச்சியைப் படுக்கவைத்து அதன்மேல் தைக்க வேண்டும், எதிர் எதிர் ஓட்டைக்கு மூன்று தடவை. குச்சியை உருவிவிட்டுப் பட்டனைத் தூக்கினால் அடியில் கொஞ்சம் தொளதொளப்பு இருக்கும். அங்கே நூலை நாலு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போடு. அந்தக் கழுத்து இல்லாமல் ஒட்டத் தைத்தால் காஜாவுக்குள் துணி அடங்காது, மறுபடி பிய்ந்துபோகும்.

ஊசியை எண்ணிக் கொடு, எண்ணி வாங்கு. பழைய ஸ்பீக்கரில் இருக்கும் காந்தம் ஒன்றைத் துணியில் சுற்றி வைத்திரு, வகுப்பு முடிந்ததும் தரையில் ஓட்டினால் விழுந்தது வந்து ஒட்டும். எண்ணிக்கை குறைந்தால் தேடி எடுக்கும்வரை ஒருவரையும் எழவிடாதே. திங்கட்கிழமை அதே தரையில் உட்கார்ந்துதான் சாப்பிடுவார்கள்.

குரோஷா ஐந்தாம் வகுப்புக்கு மட்டும், அதுவும் கடைசியாக. 5 மி.மீ. ஊசியில் ஆரம்பி, சங்கிலி இறுகினால் 6-க்கு மாற்று. பென்சில் மாதிரிப் பிடித்தாலும் கத்தி மாதிரிப் பிடித்தாலும் சரிதான். சதுரம் போகப் போக முக்கோணமானால் வரிசைக் கடைசிக் கண்ணியை விட்டுவிட்டார்கள் என்று அர்த்தம். முதல் கண்ணியிலும் கடைசியிலும் வேறு நிற நூல் துண்டைச் செருகி வைத்தால் விடாது.

உங்கள் பக்கம் பட்டுப்புழு வளர்க்க மல்பெரி போடுகிற வீட்டுப் பிள்ளைகள் இருப்பார்கள். பூச்சி துளைத்து வெளியே வந்த கூடு கொஞ்சம் கேட்டு வாங்கு. இழை அறுந்துவிட்டதால் நூல் எடுக்க அது ஆகாது, கத்தரியால் இதழ் இதழாக வெட்டினால் நல்ல பூ வரும். நல்ல கூடு ஐந்தாறு கிடைத்தால் நூல் எடுத்தும் காட்டு. கொதிக்கும் தண்ணீரில் இரண்டு மூன்று நிமிடம் போட்டால் பசை இளகும். ஒரு குச்சியால் மேலே நீவினால் முனைகள் ஒட்டிக்கொண்டு வரும், முதலில் கொசகொசவென்று வருவதை ஒதுக்கிவிட்டால் ஒரு கூட்டுக்கு ஒரு இழை நிற்கும். ஆறு கூட்டு இழையைச் சேர்த்து ஸ்கேலில் சுற்று. ஒற்றை இழை கண்ணுக்குத் தெரிவதே கஷ்டம். ஒரு கூட்டில் ஆயிரம் மீட்டர் போல அது இருக்கிறது. தண்ணீர் பக்கம் நீ மட்டும் நில், சுற்றுவதற்குப் பிள்ளைகளை விடு. இழுத்தால் அறுந்துவிடும் என்பதைப் பட்டைவிட நன்றாக எதுவும் சொல்லாது.

தையல் ஓரளவு வந்த பிறகு ஒரு நாள் பெரிய வகுப்பை அரூர் பக்கம் சிட்லிங்கிக்குக் கூட்டிப்போகத் தலைமையாசிரியரிடம் கேட்டுப் பார். லம்பாடிப் பெண்கள் கண்ணாடியும் சோழியும் வைத்துத் தைப்பதைப் பார்க்க வேண்டும். வயசான ஒன்றிரண்டு பேரிடம் மட்டும் மிச்சமிருந்த தையலை இளையவர்கள் திரும்பக் கற்றுக்கொண்ட ஊர் அது. உன் பிள்ளைகள் போட்டுப் பழகிய ஓட்டுத் தையலையே சங்கிலித் தையல், காஜாத் தையலோடு அங்கே அடுக்கடுக்காகப் பார்ப்பார்கள்.

ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன், கண்ணு. கண்காட்சிக்கு வைக்கிறோம் என்று பிள்ளை போட்ட கோணல் தையலை ராத்திரி நீ உட்கார்ந்து பிரித்துத் தைத்து வைக்காதே. மறுநாள் வந்து பார்க்கிற பிள்ளைக்கு அது தன்னுடையது இல்லை என்று தெரியும். பிரிக்க வேண்டும் என்றால் பிள்ளையே பிரிக்கட்டும். பிரிக்கக் கற்றுக்கொடுப்பதும் உன் பாடம்தான்: கடைசித் தையலில் இருந்து, ஊசியின் காதுப்பக்கத்தால், ஒவ்வொன்றாக.

தேன்கனிக்கோட்டை பஸ்ஸில் ஒரு பார்சல் கொடுத்துவிடுகிறேன். மழுங்கல் ஊசி 25, ஏழாம் நம்பர் இரண்டு பாக்கெட், வெளிர்மஞ்சளும் ரோஸும் உல்லன் நூல், பருத்திக் கயிறு ஒரு கண்டு, என் பழைய நூல் சேலை இரண்டு. சேலையைக் கத்தரியால் வெட்டாதே. ஓரத்தில் சின்னதாக நறுக்கிவிட்டு நீளவாக்கில் கிழி, நேராக வரும். வந்ததும் ஊசியை எண்ணிப் பார்த்துவிட்டுப் போன் பண்ணு.

அன்புடன்,
அம்மா