பள்ளிக்கூடத்தைப் பூட்டிவிட்டார்கள்

அன்புள்ள கண்ணுக்கு,

அப்பாவும் நானும் நலம். வேளைக்குச் சாப்பிடு. கடைச்சோறு தின்று உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே.

நம் பள்ளிக்கூடம் இந்த ஜூனில் திறக்கவில்லை. ஒரு பிள்ளைகூடச் சேரவில்லை. போன வருஷமே நாலு பேர்தான். எழுபது பேருக்கு உலை வைத்தவள், நாலு முட்டையை வேகவைத்து உரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அண்டாவை இறக்கவே இல்லை, சின்னக் குண்டானே போதும். 1982-ல் எம்.ஜி.ஆர். சத்துணவு கொண்டுவந்தபோது உன் பாட்டி உலை வைத்த இடம் அது. 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப்பள்ளிக்கும் காலைச் சிற்றுண்டி வந்ததும், இனிப் பிள்ளைகள் வந்துவிடும் என்று நம்பினேன். ஊரில் பிள்ளைகள் இருந்தால்தானே? பாதி வீடு ஓசூருக்கும் பெங்களூருக்கும் போய்விட்டது. மீதிப் பேர் தனியார் பள்ளியில் 25 சதவீத இலவச இடம் கிடைத்தோ, கடன் வாங்கிக் கட்டியோ பாலக்கோட்டு வேனில் ஏற்றிவிடுகிறார்கள். மணியடிக்கிற தண்டவாளத் துண்டு மட்டும் புங்கமரத்தில் அப்படியே தொங்குகிறது.

மேல்வீட்டு அண்ணன் போன புதன்கிழமை பகல் பதினோரு மணிக்கு ஓசூர் பஸ் ஸ்டாண்டில் உன்னைப் பார்த்தாராம். ஷிப்ட் மாறியிருக்கும் என்று நானே சொல்லிவிட்டேன். என் மகன் கம்பெனியில் நிரந்தர வேலை என்று ஊரெல்லாம் சொல்கிறவள் நான். ரெண்டு மாசமாக நீ போன் எடுக்காததை யாரிடம் சொல்வேன்? பெற்றவளிடம் ஒரு வார்த்தை பேச நேரமில்லையா? சரி, விடு. வேளைக்குச் சாப்பிடு.

முதலில் வேனில் ஏறிய பிள்ளை நீதான், கண்ணு. சத்துணவு ஆயாவே தன் மகனை இங்கே படிக்க வைக்கவில்லையே என்று ஊர் பேசியது. அடுத்த வருஷம் ஏழெட்டு வீட்டுப் பிள்ளைகள் உன் பின்னாலேயே போய்விட்டன. ஹெட்மாஸ்டர் என்னை ஒன்றும் கேட்கவில்லை. நீ அப்போது மூணாவது. இங்கிலீஷ் புரியவில்லை என்று அழுதாய். ரேங்க் கார்டைப் பார்த்துக் கரண்டிக் காம்பால் அடித்தேன். அடுத்த கார்டை நீ காட்டவே இல்லை. பல மாசம் கழித்து கேழ்வரகுப் பானையைக் கவிழ்த்தபோது அடியிலிருந்து விழுந்தது. நாலாய் மடித்திருந்தாய். அப்பாவுக்கு இன்றுவரை தெரியாது. அடித்திருக்கக் கூடாது, சாமி.

இப்போது எதையும் கேட்க மாட்டேன். ஞாயிற்றுக்கிழமைதான் வரவேண்டும் என்றில்லை, எந்தக் கிழமையானாலும் வா.

இப்படிக்கு,
அம்மா