நூல் வைத்து அளந்தேன்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சௌக்கியம். நீ நேரத்துக்குச் சாப்பிடு.

இங்கே இரவு ஒன்பதரை என்றால் உனக்குக் காலை எட்டு. அந்த நேரத்தில் போனைக் கையில் வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறேன். நாலு வாரமாக 'பிஸிப்பா' என்று ஒரு வரிதான் வருகிறது. போன ஞாயிற்றுக்கிழமையும் மாப்பிள்ளைக்கு ஆபீஸ் என்றாய். சரி.

நேற்று பரணிலிருந்து பழைய உலக உருண்டையை இறக்கினேன். ஆஸ்திரேலியாவுக்கு நீ பேனாவால் வைத்த பொட்டு அப்படியே இருக்கிறது. அம்மா பூக்கட்டும் நூலை எடுத்து, பெங்களூரில் ஒரு முனை, சான் பிரான்சிஸ்கோவில் ஒரு முனை வைத்து இழுத்துப் பிடித்தேன். சுவரில் மாட்டும் படத்தில் பார்த்தால் பசிபிக் கடலைக் குறுக்கே தாண்ட வேண்டும் என்று தோன்றும். நூல் அப்படிப் போகவில்லை. வடக்கே ஏறி, சீனா, சைபீரியா தாண்டி, ஆர்க்டிக் வட்டத்துக்கும் மேலே போய் அலாஸ்கா வழியாக இறங்குகிறது. 33 சென்டிமீட்டர். இந்த உருண்டையில் ஒரு சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 425 கிலோமீட்டர். ஆக, 14,000 கிலோமீட்டர்.

2021 ஜனவரியில் நாலு பெண் விமானிகள் வடதுருவத்துக்கு மேலேயே பறந்து உங்கள் ஊரிலிருந்து பெங்களூருக்கு ஏர் இந்தியா விமானத்தை ஓட்டிவந்தார்களே, அந்தச் செய்தியை வெட்டி வைத்துத் தெரு முழுக்கக் காட்டினேன், என் மகள் இருக்கிற ஊர் என்று. நேராக வந்த அந்த விமானத்துக்கு ஏறக்குறைய 17 மணி நேரம். பிராங்க்பர்ட்டில் மாறினால் 22, 24 கூட ஆகும். உட்கார்ந்தே இருக்காதே, கால் வீங்கும். எழுந்து நட. நேரத்துக்குச் சாப்பிடு.

அப்புறம் திருச்சிக்கும் தஞ்சாவூருக்கும் கணக்குப் போட்டேன். ஒன்றரை மில்லிமீட்டர்கூட வரவில்லை. நூலின் தடிமன்தான்.

அப்பாயி படுக்கையில் கிடந்தபோது எனக்குப் பரீட்சை வேலை என்று உன்னிடம் சொல்லியிருக்கிறேன். அது பொய், பாப்பா. வயல் பங்கு விஷயத்தில் சித்தப்பா மேல் கோபம். பஸ் ஏறினால் ஒன்றரை மணி நேரம். மூன்று மாதம் போகவில்லை. அவள் ஒருதடவைகூட வரச்சொல்லி ஆள் அனுப்பவில்லை. நான் போனபோது கட்டிலைத் திண்ணையில், வாசலைப் பார்க்கப் போட்டிருந்தது. வெறும் கட்டில். எல்லாம் முடிந்து இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. கட்டிலை ஏன் வெளியே போட்டீர்கள் என்று நான் யாரையும் கேட்கவில்லை. கேட்காமலே தெரிந்தது.

இதை உன் அம்மாவிடம்கூட நான் சொன்னதில்லை.

நீ வருகிறேன் என்று சொல்லாமலே நான் கேட்கிறேன், வந்துவிட்டுப் போ. லீவு எத்தனை நாள், யார் யார் வருகிறீர்கள் என்றெல்லாம் கேட்க மாட்டேன். அம்மாவும் கேட்க மாட்டாள், சொல்லி வைத்திருக்கிறேன். ஒரு பெட்டியோடு வந்தாலும் சரி, எல்லாப் பெட்டியையும் எடுத்துக்கொண்டு வந்தாலும் சரி. விமானம் இறங்குகிற நேரத்தை மட்டும் எழுது. முதல் நாள் ராத்திரியே பஸ் ஏறி பெங்களூரு வந்து நிற்கிறேன்.

அப்பா