வேலிப்படிகளைச் செப்பனிடுபவர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இங்கிலாந்தின் கிராமப்புற நடைபாதைகளைப் பற்றித் தங்கள் இதழில் வெளிவந்த பயணக் கட்டுரையை, இங்கே வசித்துவரும் நான் மகிழ்ச்சியோடு படித்தேன். தனியார் வயல்களின் ஊடாகவும் யார் வேண்டுமானாலும் நடந்து செல்லலாம் என்பதைக் கட்டுரையாளர் வியந்து எழுதியிருந்தார். அந்தப் பாதைகள் நடக்கத் தக்கவையாக இருப்பதற்கு யாரெல்லாம் பாடுபடுகிறார்கள் என்பது கட்டுரையில் விடுபட்டுப் போனதால் இதை எழுதுகிறேன்.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சேர்த்துச் சுமார் 2,25,000 கிலோமீட்டர் நீளத்துக்கு இத்தகைய பொதுவழிகள் உள்ளன. 1949-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி உள்ளாட்சி மன்றங்கள் தயாரித்த வரைபடங்களில் இவை பதிவாகியிருப்பதால், நிலம் கைமாறினாலும் வழியுரிமை மறைவதில்லை. ஆனால் ஆடுமாடுகளை அடைத்து வைக்க விவசாயிக்கு வேலி வேண்டும். நடப்பவர் அதைக் கடந்து செல்லவும் வேண்டும். இதற்காகவே இரண்டு கம்பங்களை நட்டு, குறுக்குச் சட்டம் அடித்து, மிதித்து ஏற ஒன்றிரண்டு பலகைகள் வைத்த வேலிப்படிகள் வந்தன. அவற்றைப் பாதுகாப்பான நிலையில் வைத்திருப்பது நில உரிமையாளரின் கடமை என்றும், நியாயமான செலவில் குறைந்தது கால் பங்கை உள்ளாட்சி மன்றம் ஏற்க வேண்டும் என்றும் 1980-ஆம் ஆண்டு நெடுஞ்சாலைச் சட்டத்தின் 146-ஆம் பிரிவு கூறுகிறது.

சட்டம் இப்படி இருந்தாலும், பல இடங்களில் மரத்தை மன்றம் கொடுக்க, உழைப்பைக் கொடுப்பவர்கள் தன்னார்வலர்களே. 1935-இல் தோன்றிய, நடைபயணிகளின் அமைப்பான ராம்ப்ளர்ஸும், லண்டனுக்கு வடமேற்கே உள்ள சில்டர்ன் குன்றுப் பகுதியில் 1965 முதல் இயங்கிவரும் சில்டர்ன் சொசைட்டியும் இதற்கென்றே குழுக்களை வைத்திருக்கின்றன. இவற்றில் வருபவர்களில் பெரும்பாலோர் பணி ஓய்வு பெற்றவர்கள்.

அந்த வேலையை அருகிலிருந்து பார்த்தவர்களுக்குத்தான் அதன் கடினம் தெரியும். கம்பம் அழுகுவது ஈரமும் காற்றும் ஒருசேரப் படும் தரைமட்டத்தில். மேலே கல்லைப் போல உறுதியாகத் தோன்றும் மரத்தின் அடியில் பேனாக்கத்தியைச் செருகினால் பிடிவரை இறங்கிவிடும். மண்ணுக்குள் முறிந்து நிற்கும் அந்த அடிக்கட்டையைத் தோண்டியெடுப்பதுதான் பெரும்பாடு. சில்டர்ன் மண்ணில் சக்கிமுக்கிக் கற்கள் நிறைந்திருப்பதால், கடப்பாரை ஒவ்வொரு குத்துக்கும் துள்ளித் திரும்பும். புதிய கம்பத்தை இறக்கி, ரசமட்டம் வைத்து நிமிர்த்தி, மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுத் திமிசுக்கட்டையால் இடித்துக் கெட்டிப்படுத்தி, மழையில் கால் வழுக்காதபடி பலகையின்மேல் கம்பிவலை அடித்து முடிப்பதற்குள் அரைநாள் போய்விடும்.

இருந்தாலும் பழுதடைந்த எல்லாப் படிகளையும் அப்படியே புதுப்பிக்க வேண்டும் என்பதை நான் ஏற்கவில்லை. முழங்கால் வலியுள்ள முதியவருக்கும், கைக்குழந்தையோடு வரும் தாய்க்கும், சக்கர நாற்காலியில் வருபவருக்கும் அந்தப் படி ஒரு சுவரே. வேலி தேவையில்லாத இடத்தில் திறந்த இடைவெளி, கால்நடை மேயும் இடத்தில் கேட், வேறு வழியே இல்லாத இடத்தில் மட்டும் படி என்ற வரிசையைத்தான் பிரிட்டனின் தர விதிகளும் வலியுறுத்துகின்றன. உரிமையாளர் சம்மதிக்கும் இடங்களிலெல்லாம், நன்கொடை திரட்டிப் படிகளை அகற்றிவிட்டுக் கேட் பொருத்தும் பணியும் நடந்துவருகிறது. யார்க்ஷயரிலும் கார்ன்வாலிலும் தலைமுறை தலைமுறையாக நிற்கும் கல்படிகளைக் காப்பாற்ற வேண்டியதுதான். உளுத்துப்போன மரப்படிக்கு அந்த மரியாதை தேவையில்லை என்பது என் உறுதியான கருத்து.

தன்னார்வலர்கள் இருக்கிறார்கள் என்பதையே காரணமாக்கி, மன்றங்கள் பராமரிப்பு நிதியைக் குறைப்பதும் முறையல்ல. மரமும் ஆணியும் கேட்டுக்கான இரும்பும் சும்மா கிடைப்பதில்லை. எங்கே எது பழுது என்று கணக்கெடுக்கவும், நில உரிமையாளரிடம் பேசவும் சம்பளம் பெறும் அலுவலர்கள் இருந்தே ஆக வேண்டும்.

தங்கள் இதழுக்கு இங்கிலாந்திலும் வாசகர்கள் உண்டு. வார இறுதியில் குடும்பத்தோடு இந்தப் பாதைகளில் நடக்கும் நம்மவர்களின் எண்ணிக்கை கூடிவருவதைக் காண்கிறேன். குழுக்களிலோ நம் முகங்கள் அரிது. முன்அனுபவம் தேவையில்லை, கருவிகளைக் குழுவே தருகிறது, வேலையையும் கற்றுக்கொடுக்கிறது. அதற்கு நேரமில்லாதவர்கள், ஆடும் பலகையையோ சாய்ந்த கம்பத்தையோ கண்டால் ஒரு படம் எடுத்து, இடத்தைக் குறித்து, அந்தப் பகுதி மன்றத்தின் இணையதளத்தில் புகார் பதிவு செய்தாலே போதும். பழுது எங்கே என்று தெரிந்தால்தான் குழுவினர் மண்வெட்டியோடு புறப்பட முடியும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
பக்கிங்காம்ஷயர், இங்கிலாந்து